வெனிஸ் நகரத்து மூரும் ஓர் அடிமையின் மகனும்

கல்லூரியில் இளங்கலை பயின்ற நாட்களில் எங்களுக்குப் பாடமாக வைக்கப்பட்டிருந்த நாடகங்களுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’. பேராசிரியர் முதல் நாளன்று நாடகத்தின் முழுத் தலைப்பையும் கரும்பலகையில் எழுதினார். வெனிஸ் நகரத்து மூராகிய ஒதெல்லோவின் துன்பியல் என்பது அதன் பொருள். ‘மூர்’ என்றால் யார் என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். ‘கறுப்பர்’ என்று ஒரே சொல்லில் விடை வந்தது. பாடம் நகர்ந்துவிட்டது.

அந்த விடை எவ்வளவு குறைபாடுடையது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று. இலங்கையில் வாழும் நம் சகோதரர்களை, தமிழில் சோனகர் என்று நாம் அழைக்கும் அம்மக்களை, அந்நாட்டு அரசின் ஆங்கிலப் பதிவேடுகள் இன்றளவும் ‘மூர்’ என்றே குறிக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் கடல்வழியே வந்த போர்ச்சுகீசியர், தம் தாயகத்தை அடுத்த மொரோக்கோவிலும் அந்தலூசியாவிலும் வாழ்ந்த முஸ்லிம்களை எந்தப் பெயரால் அழைத்துவந்தார்களோ, அதே பெயரை மலபார்க் கரையிலும் இலங்கையிலும் தாம் கண்ட முஸ்லிம்களுக்கும் சூட்டிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் காயல்பட்டினத்து மரக்காயரும் மூர்தான். ஆக, ஒதெல்லோவின் அடைமொழிக்கும் நமக்கும் உள்ள தூரம் நாம் எண்ணுகிற அளவுக்குப் பெரிதன்று.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வெனிஸ் குடியரசின் படைத்தளபதி ஒதெல்லோ ஒரு மூர். அந்நகரத்துப் பெருங்குடிப் பெண் டெஸ்டிமோனா அவனை விரும்பி மணக்கிறாள். மாந்திரீகத்தால் தன் மகளை மயக்கிவிட்டான் என்று அவள் தந்தை ஆட்சிமன்றத்தில் முறையிடுகிறார். ஒதெல்லோ தன் வாழ்க்கைக் கதையை எடுத்துரைத்தே அப்பழியைத் துடைத்துவிடுகிறான். துருக்கியரை எதிர்க்க அவன் சைப்ரஸ் தீவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவனுக்குக் கீழ் பணிபுரியும் இயாகோ, டெஸ்டிமோனாவின் கற்பின்மீது அவதூறு புனைகிறான். ஒரு கைக்குட்டைதான் சாட்சி! அதை நம்பி மனைவியைக் கொன்று, உண்மை வெளிப்பட்டதும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான் ஒதெல்லோ. கற்புடைய பெண்ணின்மீது பழி கூறுவோனிடம் நான்கு சாட்சிகளைக் கேட்கும் சட்டத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு, அந்தத் தளபதியின்மீது இரக்கத்தைவிட எரிச்சலே மிகுதி. ஆயினும் நான் எழுத வந்தது அவனைப் பற்றியன்று. அவனாக மேடையில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி.

இந்நாடகம் நிகழ்த்தப்பட்டதற்கான முதல் பதிவு 1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், லண்டன் வைட்ஹால் அரண்மனையில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1600இல், மொரோக்கோ சுல்தான் அஹ்மத் அல்மன்சூரின் தூதராக அப்துல் வாஹித் என்பார் எலிசபெத் அரசியின் அவைக்கு வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் இடையில் வாளுமாக அவர் நிற்கும் ஓவியம் இன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் உடைமை. ஷேக்ஸ்பியர் அவரைக் கண்டாரா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் ஊரே வேடிக்கை பார்த்த ஒரு மூர்ப் பிரமுகரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்று எண்ணவும் மனம் ஒப்பவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மூரை லண்டன் மேடைகளில் முகத்தில் கரி பூசிய வெள்ளையரே நடித்துவந்தனர். 1833 மார்ச் மாதம், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த புகழ்பெற்ற நடிகர் எட்மண்ட் கீன் மேடையிலேயே சரிந்தார். அடுத்த மாதம் அதே அரங்கில் அவ்வேடத்தை ஏற்றவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். நியூயார்க்கில் பிறந்து, கறுப்பருக்கு அங்கே மேடை கிடைக்காததால் கடல் கடந்து வந்தவர். அடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறித்து இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. லண்டன் இதழ்கள் சில அவரைக் கேவலமாக ஏசின. இரண்டே இரவுகளோடு அந்த அரங்கின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. பின்னர் ஐரோப்பா முழுவதும் சுற்றி நடித்துப் பட்டங்களும் பதக்கங்களும் பெற்று, 1867இல் போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, லண்டனின் பெரிய மேடையொன்றில் ஒதெல்லோவாக நின்ற கறுப்பர் பால் ராப்சன். நடிப்பதற்கு முன் பேச்சுப் பயிற்சிக்காக அவர் நாடிச் சென்றது யாரைத் தெரியுமா? ஆல்ட்ரிட்ஜின் மகளையே!

ராப்சனின் தந்தை அடிமையாகப் பிறந்தவர். வட கரோலினாப் பண்ணையொன்றிலிருந்து 15ஆம் வயதில் தப்பியோடி, கல்வி கற்று, பிரின்ஸ்டன் நகரில் பாதிரியாராக உயர்ந்தவர். 1898இல் அங்கே பிறந்த ராப்சன், ஆறு வயது நிறையுமுன்பே தாயைத் தீவிபத்தில் இழந்தார். பிறந்த ஊரின் பல்கலைக்கழகம் கறுப்பரைச் சேர்க்காத காலம். ரட்கர்ஸ் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்துக் கால்பந்திலும் கல்வியிலும் முதல்வரானார். கொலம்பியாவில் சட்டம் பயின்று வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். கறுப்பர் சொல்லச் சொல்ல எழுதமாட்டேன் என்று அங்கிருந்த சுருக்கெழுத்துப் பெண் மறுத்துவிட்டார். அத்துடன் சட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பாட்டுக்கும் நடிப்புக்கும் வந்தார்.

1930 மே மாதம் லண்டன் சவாய் அரங்கில் அவருடைய முதல் ஒதெல்லோ. டெஸ்டிமோனாவாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட் என்ற இளம் ஆங்கில நடிகை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே சவாய்ப் பெயர் தாங்கிய ஹோட்டலின் உணவகத்தில் நிறத்தின் காரணமாக அவருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. உண்ண இடமில்லை, அடுத்த கட்டடத்தில் அரசாள இடமுண்டு. ஒத்திகையின் தொடக்க நாட்களில் வெள்ளைப் பெண்ணின் அருகே நெருங்கவே தாம் கூசியதாகப் பின்னாளில் ராப்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆறடி மூன்றங்குல உயரமும் மலை போன்ற தோள்களும் கொண்டவருக்கு அந்தக் கூச்சத்தைப் புகட்டியது எது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் திரைப்பட நட்சத்திரமாகவும் விளங்கினார். ‘ஷோ போட்’ (1936) படத்தில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர் பாடிய பாடல் உலகெங்கும் ஒலித்தது. ஆனால் திரையுலகம் தமக்கு அளிக்கும் வேடங்கள் தம் இனத்தை இழிவுபடுத்துவனவே என்பதை ஒவ்வொரு படமாகக் கற்றுக்கொண்டார். ஆப்பிரிக்கரின் பெருமையைக் காட்டும் என்று நம்பி நடித்த ‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ (1935), வெளிவந்தபோது வெள்ளை ஆட்சியின் புகழ்பாடும் படமாக இருந்தது கண்டு வெட்கினார். 1942இல் திரையுலகை விட்டே விலகினார். பணமும் புகழும் கொட்டும் தொழிலை மானம் கருதித் துறப்பது எந்நாட்டிலும் அன்றாடம் நடக்கும் செய்தியன்று.

அதே 1942 ஆகஸ்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு சிறிய அரங்கில் மார்கரெட் வெப்ஸ்டர் என்ற பெண்மணியின் இயக்கத்தில் மீண்டும் ஒதெல்லோவாக நின்றார். இம்முறை சொந்த நாட்டில். கறுப்பர் ஒருவர் வெள்ளைப் பெண்ணைக் கணவனாகத் தழுவும் காட்சியை அமெரிக்க மக்கள் பொறுப்பார்களா என்று தயாரிப்பாளர்கள் அஞ்சித் தயங்கினர். 1943 அக்டோபர் 19 அன்று நியூயார்க் ஷுபர்ட் அரங்கில் திரை விலகிற்று. இயாகோவாக ஹோசே ஃபெரர், டெஸ்டிமோனாவாக ஊட்டா ஹாகன். இவ்விருவரும் வாழ்க்கையில் கணவன் மனைவியர். முதல் இரவு திரை விழுந்தபின் கைதட்டல் ஓயவே மறுத்தது. 296 முறை அந்நாடகம் நடந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் பிராட்வேயில் அதுவரை அத்தனை நாட்கள் ஓடியதில்லை.

அவ்வேடத்தை ராப்சன் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. எங்கள் வகுப்பில் ஒதெல்லோ என்றால் பொறாமை என்று குறிப்பெடுத்துக்கொண்டோம். தேர்விலும் அவ்வாறே எழுதினோம், மதிப்பெண்ணும் கிடைத்தது. ராப்சனோ அதைப் பொறாமையின் கதையாக ஏற்கவில்லை. மானத்தின் கதை என்றார். அந்நிய நாட்டில் தன் வீரத்தால் மட்டும் மதிக்கப்படுகிற ஒருவன். ஊர் தன்னை உள்ளூர ஏற்கவில்லை என்பதை எந்நேரமும் உணர்ந்தவன். அப்படிப்பட்டவனின் காதில்தான் ஒரு வஞ்சகனின் சொல் எளிதில் ஏறும். ‘உன்னைப் போன்றவனை அவள் விரும்பியதே இயல்புக்கு மாறு’ என்ற பொருள்பட இயாகோ குத்துகிறானே, அந்த ஊசி இறங்குவதற்கு முன்பே புண் அங்கே இருந்தது.

நாடகத்தை அமெரிக்கா, கனடா நகரங்களுக்குக் கொண்டுசென்றபோது அவர் இட்ட நிபந்தனை ஒன்றுண்டு. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் நடிக்கமாட்டார். தென் மாநிலங்கள் பெரும்பாலும் அவ்வகை அரங்குகளையே கொண்டிருந்தன. எனவே அவை ராப்சனின் ஒதெல்லோவைக் காணவே இல்லை.

போர் முடிந்தது, காற்று மாறிற்று. சோவியத் நாட்டைப் புகழ்ந்தார், கறுப்பர் உரிமைக்காகக் குரல் உயர்த்தினார் என்று அவர்மீது அரசின் பார்வை விழுந்தது. (ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி அவர் வாய் திறக்காதது குறையே. அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது.) 1949இல் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் பாடிய நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் கல்லெறி பட்டனர். 1950இல் அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. அரங்குகள் கதவடைத்தன. 1952இல் கனடா எல்லையில் ஒரு லாரியின்மேல் நின்று, எல்லைக்கு அப்பால் திரண்டிருந்த மக்களுக்காகப் பாடினார். 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக லண்டன் மக்களுக்கும் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்கும் பாடினார். குரலுக்குப் பாஸ்போர்ட் கேட்க அதிகாரிகளால் முடியவில்லை போலும்!

1958இல் அவருடைய 60ஆம் பிறந்த நாளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள். பிரதமர் நேரு வாழ்த்துரைத்தார். விழாக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. விழாவைத் தடுக்க அமெரிக்க அரசுத் தரப்பில் முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் விளைவாகப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1959 ஏப்ரலில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் அரங்கிலேயே மூன்றாம் முறையாக ஒதெல்லோவாக நின்றார். வயது 61. உடல் தளர்ந்திருந்தது, குரல் தளரவில்லை. அதுவே அவர் நடித்த கடைசி நாடகம். 1976இல் அவர் மறைந்தார்.

2025இல் நியூயார்க்கில் டென்சல் வாஷிங்டன் தம் 70ஆம் வயதில் அதே வேடத்தை ஏற்றார். 1992ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மால்கம் எக்ஸாக நடித்தவர் என்றால் நம் வாசகர்கள் சட்டென்று அடையாளம் காண்பார்கள். நல்ல இருக்கையொன்றின் விலை 921 டாலர் வரை சென்றதாகச் செய்திகள் வந்தன. இதற்கிடையில், கறுப்பர் இவ்வேடத்தை ஏற்கவே கூடாது, அது வெள்ளையர் கற்பனையில் பிறந்த கறுப்பரை உண்மையென்று மெய்ப்பிப்பதாகும் என்று வாதிட்ட ஹியூ குவார்ஷி என்னும் நடிகர், 2015இல் தாமே ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒதெல்லோவாக நடித்ததும் நடந்தது. அவர் வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன்.

ஏனெனில் எனக்கும் இந்நாடகத்தோடு ஒரு வழக்கு உண்டு. ஒதெல்லோ மூர், ஆனால் கிறிஸ்தவனாகிவிட்டவன், துருக்கியரோடு போரிடுவதே அவன் தொழில். சாகும் முன் அவன் கூறும் கடைசிச் சொற்களில், அலெப்போ நகரில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்த, தலைப்பாகை அணிந்த துருக்கியன் ஒருவனைத் தான் கொன்ற கதையைச் சொல்கிறான். ‘கத்னா செய்த நாய்’ என்ற பொருளில் அவனை ஏசிவிட்டு, அன்று அவனைக் குத்தியது போலவே இன்று தன்னையும் குத்திக்கொள்கிறான். யாருக்காக வாளேந்தினானோ அவர்கள் கண்ணில் கடைசியில் தானும் அந்தத் துருக்கியனே என்று அவன் உணர்ந்துவிட்டானோ? வகுப்பில் இந்த இடத்தை எங்களுக்கு வேகமாகக் கடந்து போனார்கள்.

ராப்சன் தம் இசை நிகழ்ச்சிகளில் இந்தக் கடைசி உரையைத் தனியே நடித்துக்காட்டுவது வழக்கம். 1958 மே மாதம் நியூயார்க் கார்னகி அரங்கில் அவர் அவ்வாறு செய்தது ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. பாஸ்போர்ட் அப்போதும் கைக்கு வந்திருக்கவில்லை. தொடங்குமுன் அவையோருக்குச் சில சொற்கள் கூறுகிறார்: ஒதெல்லோ வெனிஸுக்கு எவ்வகையிலும் தாழாத ஒரு பண்பாட்டிலிருந்து, அதற்கு இணையான ஓர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன்; அவன் மானமும் மனித கண்ணியமும் வஞ்சிக்கப்பட்டன என்று. பிறகு அந்த ஆழ்ந்த குரல் மெல்ல எழுகிறது.

பிள்ளைகள் உறங்கியபின் சில இரவுகளில் அதைக் கேட்பேன். அலெப்போ வரும் இடம் எனக்குத் தெரியும். நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணுவேன். இதுவரை நிறுத்தியதில்லை.