கல்லீரல் சொன்னபடி கேட்கிறதா?

இரவு எட்டு மணிக்கு ஆம்பூர்ப் பிரியாணியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். காலை ஆறு மணிக்குள் அது செரித்துத் தீர்ந்துவிடும். ஆயினும் உங்கள் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்துகொண்டே இருக்கிறது. அதை வழங்குவது யார்? பெரும்பாலும் கல்லீரல்தான். 'போதும், குறைத்துக்கொள்' என்று அதற்குச் சொல்வது கணையம் சுரக்கும் இன்சுலின்.

குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறினால் கல்லீரல் அடங்கும், குளுக்கோஸ் இறங்கும். மாடித் தொட்டியின் மிதவை வால்வு செய்வதும் இதே வேலைதான். கல்லீரல் சொன்னபடி கேட்காவிட்டால், கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரக்க வேண்டியதாகிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு.

1985இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டேவிட் மாத்யூஸ், ராபர்ட் டர்னர் முதலியோர் இச்சுழற்சியைக் கணித மாதிரியாக அமைத்தனர். அதன் எளிய வடிவம் உங்களுக்கும் எட்டக்கூடியதே. வெறும் வயிற்றுக் குளுக்கோஸை இன்சுலினால் (ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோ யூனிட்) பெருக்கி, 405ஆல் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் இயல்பு.

பென்சிலை எடுங்கள். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒருவருக்குக் குளுக்கோஸ் 81, இன்சுலின் 5, விடை 1. பருத்த உடலுள்ள இன்னொருவருக்கு 108, 15, விடை 4. அவருடைய கல்லீரல் முரண்டு பிடிக்கிறது. மூன்றாமவர் மெலிந்தவர். குளுக்கோஸ் 135, எனவே நீரிழிவுதான். ஆனால் இன்சுலின் 3. பெருக்கி வகுத்தால் மீண்டும் 1!

கல்லீரல் மீது குற்றமில்லை என்றால் குறை எங்கே? அதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. இன்சுலினை 360ஆல் பெருக்கி, குளுக்கோஸிலிருந்து 63ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால், கணையத்தின் திறன் விழுக்காட்டில் கிடைக்கும். முதலாமவருக்கு 100, மூன்றாமவருக்கு வெறும் 15.

இது காகிதக் கணக்கு மட்டுமன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நிகால் தாமஸ் குழுவினரும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் இத்தகைய மெலிந்த நோயாளிகளை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். சூத்திரம் தருவது மதிப்பீடுதான். அவர்கள் நேராகவே அளந்தார்கள். இன்சுலினையும் சர்க்கரையையும் குறித்த அளவில் நிறுத்திவைத்து, அடையாளமிட்ட குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் செலுத்தினர். நம் தோல் ஆலைகளில் சாயத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓடும் நீரில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று சாயம் விட்டால், நிறம் வெளுத்திருப்பதைக் கொண்டே கலந்த நீரின் அளவைச் சொல்லிவிடலாம். கல்லீரல் கலக்கும் குளுக்கோஸையும் அப்படித்தான் கண்டனர். வழக்கமான இரண்டாம் வகை நோயாளிகளைவிட, மெலிந்தவர்களின் கல்லீரல் குறைவாகவே குளுக்கோஸை வெளியிட்டது. குறை இன்சுலின் சுரப்பில் இருந்தது.

இளமையில் போதிய உணவின்மையோடு தொடர்புபடுத்தப்படும் இந்நோய்க்கு, 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்று பெயரிட்டது. இன்சுலினுக்கு நன்றாகப் பணியும் உடல் இவர்களுடையது. எனவே ஊசி மருந்தின் அளவு சற்று மிஞ்சினாலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

ஒரு கணக்கு உங்களுக்கு. நான்காமவருக்கும் குளுக்கோஸ் 135தான். இன்சுலின் மட்டும் 12. அவருடைய கல்லீரல் சொன்னபடி கேட்கிறதா?