சத்திரசிகிச்சை முடிந்தது, கிளினிக் முடியவில்லை

"ஆரம்ப நிலை" என்று வைத்தியர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விடுவோம். எங்கள் பெரியும்மாவின் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடுத்த வரியில் "தீவிர வகை" என்றும் இருந்தது. கருப்பைப் புற்றுநோயில் இவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது நிலை. அந்தக் கலங்களின் குணம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்வது வகை. நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவிதான், வைத்தியர் அல்ல. எனினும் இந்த இரண்டாவது வரியை நம் வீடுகளில் பலர் வாசிக்காமலே விடுவதால் இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்படையில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. சீரஸ், தெளிகலம் போன்ற சில வகைகள் அப்படியல்ல. கருப்பையின் தசைக்குள் கொஞ்சமே நுழைந்திருந்தாலும் அவை வேறிடத்தில் தலைகாட்டக்கூடும். அதனால்தான் சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு 2023இல் நிலைகளைத் திருத்தியபோது, தீவிர வகை தசைக்குள் சற்று நுழைந்திருந்தாலே இரண்டாம் நிலை என்று வகுத்தது. முன்னர் அது முதலாம் நிலை.

கருப்பை, சூலகங்கள், பலோப்பியன் குழாய்கள் எல்லாம் அகற்றப்பட்ட பின்னரும் பலருக்குக் கீமோ சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். நெதர்லாந்தின் தலைமையில் பல நாடுகளில் 660 பெண்களிடம் நடந்த போர்டெக் 3 ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. அதில் சீரஸ் வகை நோயாளிகளுள் கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு சுமார் 53 பேர் ஐந்து வருடங்களின் பின் உயிருடன் இருந்தனர். கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் அது சுமார் 71 பேர். மூன்றாம் நிலை நோயாளிகளும் அந்தக் கணக்கில் அடங்குவர்.

சிகிச்சைகள் முடிந்ததும் கிளினிக் தொடங்கும். முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, பின்னர் ஐந்து வருடம் வரை இன்னும் இடைவெளி விட்டு. நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குள் திரும்புவதே இந்தக் கணக்குக்குக் காரணம். அங்கே என்ன செய்வார்கள்? கேள்வி கேட்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், உட்பரிசோதனை செய்வார்கள். "இவ்வளவு தூரம் போனோம், ஒரு ஸ்கேன் கூட எடுக்கவில்லையே" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுப்பதால் பெரிய பயன் இல்லை. அறிகுறி இருந்தால் உடனே எடுப்பார்கள். ஆகவே நோயாளி வாய் திறந்து சொல்வதுதான் அந்தக் கிளினிக்கின் பாதி வேலை.

இங்கேதான் நம் பெண்களின் கூச்சம் குறுக்கே நிற்கிறது. மாதவிடாய் நின்ற வயதில் இரத்தம் கண்டால் "தொழலாமா?" என்று மார்க்கம் தெரிந்தவரிடம் கேட்கிறோம். அது கேட்க வேண்டியதுதான். அதே இரத்தத்தைப் பற்றி வைத்தியரிடம் கேட்க ஏன் தயங்குகிறோம்? கருப்பையே இல்லாதவருக்கு மாதவிடாய் வர வழியில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் காயம் ஆறும்போது சிறிது கசியலாம். அதன் பிறகு வரும் ஒரு துளியையும் அடுத்த திகதி வரை வைத்திருக்கக் கூடாது. இடுப்பு வலி, வயிறு உப்புதல், விடாத இருமல், காரணமில்லாத மெலிவு, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவையும் அப்படித்தான். உட்பரிசோதனைக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் ஒரு தாதி அருகில் நிற்கும்படி கேட்கலாம். பரிசோதனையையே வேண்டாம் என்று திரும்பி வருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா உபாதையும் நோய் திரும்பியதன் அடையாளமும் அல்ல. நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கால் வீங்கலாம். கீமோவால் விரல் நுனிகள் மரத்துப்போகலாம். பெரியும்மாவுக்குப் பல மாதங்கள் முந்தானைக்கு ஊசி குத்த முடியவில்லை, நாங்கள்தான் குத்திவிட்டோம். உட்கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு யோனி வரண்டு சுருங்கலாம். அதற்கும் வழிகள் உண்டு, கேட்டால் சொல்வார்கள். எது எதனால் என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை, நம்முடையதல்ல.

அரச வைத்தியசாலைகளில் இவையெல்லாம் இலவசம். புற்றுநோய்ப் பிரிவு கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மஹரகமைக்கு ஓட வேண்டியதில்லை. போகும்போது கிளினிக் கொப்பியுடன் திசுப் பரிசோதனை அறிக்கையின் பிரதியையும் கொண்டு போங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் சில குடும்பங்களில் இவை இரண்டும் ஒரே மரபணுக் குறைபாட்டால் வருகின்றன. நோன்பு காலத்தில் மாத்திரைகளை நாமாக நிறுத்தாமல் நேரத்தை மாற்றலாமா என்று முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். எசல பெரஹெரா நாட்களில் நகரத்து வீதிகள் மூடப்படும். கிளினிக் திகதி அந்த நாட்களில் விழுந்தால் முன்கூட்டியே போய், புதிய திகதியைக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.