கணிப்பொறிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவை இயக்கும் கணிப்பொறிகளும் பல இடங்களில் இதே முறையில்தான் குளிர்விக்கப்படுகின்றன.

செயற்கை நுண்ணறிவிடம் நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை பெரும்பாலும் எங்கோ தொலைவிலுள்ள ஒரு தரவு மையத்தில் தயாராகிறது. அங்கே ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவை பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. உலகத் தரவு மையங்கள் 2024-ஆம் ஆண்டில் செலவிட்ட மின்சாரம் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. இது உலக மின்நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு. அதில் வேகமாக வளர்ந்துவரும் பகுதி செயற்கை நுண்ணறிவினுடையது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகச் சுமார் 24 இலட்சம் ஜூல் தேவை. ஆகவே, ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தை ஆவியாதல் மூலமாக மட்டுமே அகற்றினால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் செலவாகும். நீரைத் தவிர்த்துக் குளிர்பதன இயந்திரங்களை வைக்கலாம். ஆனால் மின்செலவு கூடும்.

எதை, எவ்வளவு செலவிடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டால்ஸ் என்ற சிற்றூர் உள்ளது. மக்கள்தொகை சுமார் 16,000. கூகுள் நிறுவனம் அங்கே 2006 முதல் தரவு மையம் நடத்திவருகிறது. அது எவ்வளவு நீர் எடுக்கிறது என்று ஒரிகோனியன் நாளேடு 2021-இல் நகராட்சியிடம் கேட்டது. அது தொழில் இரகசியம் என்று நகராட்சி மறுத்தது. வெளியிட வேண்டும் என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் கூறிய பிறகும், அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. வழக்கு நடக்கும்போதே, 2021 நவம்பரில், புதிய மையங்களுக்கு நீர் வழங்கும் ஒப்பந்தத்துக்கு நகர மன்றம் ஒப்புதல் அளித்துவிட்டது.

2022 டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்து, விவரம் வெளிவந்தது. 2021-இல் அந்நிறுவனம் எடுத்த நீர் சுமார் 134 கோடி லிட்டர். நகரின் மொத்த நீர்ச்செலவில் கால்பங்குக்கும் மேல்! தேடல், மின்னஞ்சல் என எல்லாப் பணிகளுக்குமான அளவு இது. ஊர் மக்களுக்கு இந்த எண் ஒப்பந்தத்துக்கு முன்பல்லவா தெரிந்திருக்க வேண்டும்? தெரிந்திருந்தால் அவர்கள் ஒப்பந்தத்தை ஏற்றிருக்கலாம், மறுத்திருக்கலாம், வேறு நிபந்தனை கேட்டிருக்கலாம். எந்தப் பக்கம் பேசுவதற்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களே, 10 மெகாவாட் தரவு மையம் ஒன்று உங்கள் ஊருக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாதலால் மட்டுமே குளிர்வித்தால் அதற்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? உங்கள் விடை 3,60,000 லிட்டர் என்று வந்தால் கணக்கு சரி. அடுத்து, உங்கள் ஊரின் ஒரு நாள் குடிநீர் வழங்கல் எவ்வளவு என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.