பெரகல மலையின் பலமும் பலவீனமும்

இலங்கை மலைநாட்டின் பெரகல சந்தியிலிருந்து ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. இன்னொன்று கொஸ்லாந்தைக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் தேயிலை. இன்று பல கம்பனிகள் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போட்டுத்தான் திட்டம் தீட்டுகின்றன. அந்தக் கட்டங்களில் இந்த மலையை வைத்துப் பார்க்கலாம்.

1890இல் பிரித்தானிய வணிகர் தாமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியபோது வெளிநிலைமை அவருக்குச் சாதகம். இலைநோயில் கோப்பி அழிந்து, நிலம் மலிந்திருந்தது. பிரித்தானியாவில் சொந்தக் கடைகள் இருந்ததால் இடைத்தரகர் தேவைப்படவில்லை. உள்ளே நீர் தேங்காத சரிவு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் ஊவா மணம். தமிழகத்திலிருந்து வந்து, போக்கிடமின்றி வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் கிடந்த தொழிலாளர். எல்லாமே 'பலம்', 'வாய்ப்பு' என்ற கட்டங்களில் அடங்கின.

இன்று ஊவா மணம் மட்டும் அங்கேயே இருக்கிறது. மற்றவை வேறு கட்டங்களுக்கு இடம் மாறிவிட்டன. போக்கிடம் கிடைத்த இளையோர் கொழும்புக்குப் போகிறார்கள், கொழுந்தெடுக்க ஆள் போதவில்லை. 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்த தோட்டங்களில் முதிர்ந்த செடிகள் ஏராளம். மறுநடுகை செய்தால் பலன் காணச் சில ஆண்டுகள் பிடிக்கும். கம்பனிகளின் குத்தகையோ 2045 அளவில் முடிகிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இப்போது சிறுதோட்டக்காரர்களுடையது. 2021இல் இரசாயன உரத் தடை ஒரே உத்தரவில் விளைச்சலைச் சரித்தது.

சரிவே அச்சுறுத்தலாகவும் ஆனது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அச்சுறுத்தல் தெரிந்தே இருந்தது; அதற்கேற்ப மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் வேலைதான் நடக்கவில்லை.

அன்று தோட்டத்துரையின் பங்களாவில் மதிப்பீடு நடந்தது; இன்று கொழும்புத் தலைமையகத்தில் நடக்கிறது. இரண்டிலும் தொழிலாளி செலவுக் கணக்கில் ஒரு வரி. 2024இல் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்ற பேச்சு எழுந்தபோதும் விவாதம் அந்த வரியைச் சுற்றியே நடந்தது.

கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த திட்டத்தைக் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்குங்கள். எந்த மலை காய்கிறது, எங்கே நிலம் வெடிக்கிறது, பிள்ளைகள் ஏன் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று கொழுந்தெடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்களைக் கேட்காமல் நிரப்பும் நாலு கட்டமும் அரைகுறைதான்.