உங்களுக்குத் தெரியுமா? ஸ்ரீபெரும்புதூரும் அணிசாரா இயக்கமும்

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1991 மே 21 இரவு அந்த ஊரில் கொல்லப்பட்டவர், பனிப்போரில் எந்த வல்லரசு அணியிலும் சேராத நாடுகளின் அமைப்பான அணிசாரா இயக்கத்தின் முன்னாள் தலைவரும்கூட. 1983 டெல்லி உச்சி மாநாட்டில் இந்திரா காந்தி ஏற்ற அந்தப் பொறுப்பு, அவர் மறைந்தபின் மகனுக்கு வந்தது. 1986 ஹராரே மாநாடு வரை அவரிடமே இருந்தது.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. 1975இல் பெரு நாட்டின் லிமாவில் கூடிய இயக்கத்தின் வெளியுறவு அமைச்சர்கள் வட கொரியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். தென் கொரியாவின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. அந்தத் தென் கொரியாவின் ஹூண்டாய்தான் 1998 முதல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கிறது! அருகே ஒரகடத்தில், பனிப்போரில் இரண்டாகப் பிரிந்திருந்த ஜெர்மனியின் டைம்லர் லாரிகள். பனிப்போர்க் கால அணிகளின் வரலாற்றை இந்த ஊர்களின் சாலையோரப் பெயர்ப்பலகைகளிலேயே படிக்கத் தொடங்கலாம். நம் ஆய்வு மாணவர்கள் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

வெளிநாடுகளில் கலைஞர்கள் முந்திக்கொண்டார்கள். இயக்கத்தின் 1973 அல்ஜியர்ஸ் மாநாட்டை அலசும் மூன்று திரைகளில் ஓடும் காணொளிப் படைப்பை, வங்கதேசப் பின்னணி கொண்ட நயீம் முகைமீன் 2017 டாகுமென்டா கலைவிழாவில் காட்டினார். ஸ்லோவேனியாவின் லுப்லியானா நவீனக் கலைக்கூடம், அணிசாரா நாடுகளின் கலையுறவுக்கென்றே 2019இல் கண்காட்சி நடத்தியது.