சோற்றில் அரசியல் பேசாமல் வேறு எதில் பேசுவது?

"சாப்பிடும்போது எதுக்கு அத்தை அரசியல்?" என்று என் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்பார். தங்கமான மனிதர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவரை இதுவரை யாரும் பந்தியில் இருந்து எழுப்பிவிட்டதில்லை. என் அப்பாவை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். அதுவும் இலை போட்டு, தண்ணீர் தெளித்த பிறகு. அதனால் எங்கள் வீட்டில் சோறும் அரசியலும் ஒரே இலையில்தான் விழும்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு 'சத்துணவு டீச்சர்'. 1982இல் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கியபோது ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். கையில் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், இடுப்பில் பெண் குழந்தை. அப்படித்தான் உள்ளே போனேன். அரிசி மூட்டை, பருப்பு டின், வருகைப் பதிவேடு என்று ஆயுசில் பாதி போனது. சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இதைவிட என்ன தகுதி வேண்டும்?

உலக்கைச் சத்தம் ஓய்ந்த கதை

எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மழையை நம்பிப் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி. நான் சிறுமியாக இருந்தபோது நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், அல்லது வீட்டில் யாருக்காவது காய்ச்சல். இட்லியைப் பார்க்க வருஷத்தில் ஒரு நல்ல நாள் வரவேண்டும். இப்போது தலைகீழ். அரிசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. குதிரைவாலி கண்ணாடி போட்ட கடையில் பாக்கெட்டில் உட்கார்ந்து அரிசியைவிட அதிக விலை சொல்கிறது. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. எங்கள் பயிருக்கு மரியாதை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் "அந்தக் காலத்தில் எவ்வளவு ஆரோக்கியமாகச் சாப்பிட்டார்கள்" என்று டி.வி.யில் யாராவது உருகும்போது எனக்குக் கோபம் வரும். குதிரைவாலி லேசில் உமியை விடாது. உரலில் இட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். பகல் முழுக்கக் களையெடுத்துவிட்டு வந்து, ராத்திரி உலக்கை பிடித்தவள் என் அம்மா. உள்ளங்கையில் காய்ப்பு ஏறிக் கரண்டி பிடித்தால்கூட வலிக்கும் என்பாள். அந்த ஆரோக்கியத்தில் அவள் பங்கு அதுதான். ரேஷன் அரிசி ஒழுங்காக வரத் தொடங்கியதும் எங்கள் தெருவில் முதலில் நின்றது உலக்கைச் சத்தம். இன்று மில்லில் உமி நீக்கித் தருகிறார்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். பழைய காலத்தைப் புகழும்போது அதைக் குத்திக் கொடுத்தது யார் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

அரிசி எங்கள் ஊருக்குத் தானாக நடந்து வரவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குக் கொடுத்தது. அண்ணா முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அரிசியைப் பற்றிப் பேசாமல் இங்கே தேர்தல் நடந்ததில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. கலைஞர், ஜெயலலிதா என்று ஆள் மாறினாலும் அரிசி விலை ஏறவில்லை.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், மேலே உள்ளவர்கள் என்று பிரித்து ரேஷன் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 'நான் ஏழை' என்று எழுதி வாங்க எவர் வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசியில் வாடை அடித்த மாதங்கள் உண்டு, கல் பொறுக்கியே கண் வலித்த நாளும் உண்டு. திட்டிக்கொண்டேதான் வாங்குவோம். அதையே ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டுவோம். திட்டுவதற்கும் உரிமை இருந்தது, ஏனென்றால் அது யாரும் போட்ட பிச்சை இல்லை.

முட்டையில் முடிச்சு

பள்ளிக்கூடத்தில் சோறு என்பது எம்.ஜி.ஆரோடு தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். 1920இலேயே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. பிறகு எங்கள் மாவட்டத்துக்காரர் காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் அதைச் சத்துணவாக விரித்தார். சின்ன வயதில் பசியோடு இருந்ததை அவர் மறைத்ததே இல்லை. அதனால் "சோறு போட்டா படிப்பு வந்துடுமா?" என்று கேட்டவர்களுக்கு அவர் பெரிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

முட்டை வந்தது 1989இல், கலைஞர் ஆட்சியில். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. மெல்ல மெல்லக் கூடி 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டு வாரத்துக்கு ஒன்று இருந்த காலத்தில் முட்டை நாளன்று வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட விடுபடாது. காலையிலேயே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போடுவோம். மிதந்தால் கெட்டது, தூரப் போடு. மூழ்கியதை வேகவைத்து, சூட்டோடு ஓடு உரித்தால் விரல் நுனி சிவந்துபோகும். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். சோற்றைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிவிட்டு, முட்டையை மட்டும் பாவாடை நுனியில் முடிந்துகொள்வாள். வீட்டில் பள்ளிக்கு வராத தம்பி. விதிப்படி பள்ளியிலேயே சாப்பிட வேண்டும். நான் அந்த நேரம் பார்த்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வாரத்துக்கு ஐந்து ஆனபிறகு முடிச்சுப் போடும் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை.

இந்த முட்டைக்கு நாட்டில் என்ன எதிர்ப்பு! மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை வேண்டாம் என்று அப்போதைய முதலமைச்சரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் சில மாவட்டங்களில் கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சென்னையில் 2020 வாக்கில், வெங்காயம் பூண்டு சேர்க்காத ஓர் அமைப்பிடம் மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவைக் கொடுத்தபோது இங்கேயும் வாக்குவாதம் நடந்தது. என் கருத்து எளிது. உங்கள் வீட்டில் எதைச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பூண்டு உங்களுக்கு ஆகாது என்றால் உங்கள் ரசத்தில் போடாதீர்கள். ஊரார் பிள்ளையின் தட்டில் இருந்து எடுக்காதீர்கள்.

உப்புமாவைக் கிண்டல் செய்யாத தமிழர் இல்லை. நானும் செய்வேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியல் வந்ததும் சிலர் சிரித்தார்கள். ஆனால் பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி, "காலையில என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டால் அவன் தரையைப் பார்ப்பான். அதைப் பார்த்தவர்களுக்கு உப்புமா என்றால் சிரிப்பு வராது.

யார் சமைத்தது?

பிள்ளைக்குப் பசி மட்டும்தான் தெரியும். சமைத்தது எந்தத் தெருக்காரி என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரியவர்கள். என் சமையல்கூடத்திலேயே, சமையலர் மாறியபோது சில வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். நான் யாரையும் அதட்டவில்லை. தினமும் முதல் தட்டை அந்தச் சமையலர் கையால் வாங்கி, பிள்ளைகள் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருப்பவன் தட்டில் முட்டையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் எலுமிச்சைச் சோறு இறங்கும்? டிபன் பாக்ஸ் தானாக நின்றது.

எல்லா ஊரிலும் அப்படி நிற்பதில்லை. 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் காலை உணவைச் சாப்பிட விடவில்லை. கலெக்டரே நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

இது இன்று தொடங்கிய சண்டையும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். காங்கிரஸ் நிதி பெற்ற இடத்தில் இப்படியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் 1925இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1957இல் ஓட்டல் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கும் போராட்டம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் நடந்தது. தமிழ்நாட்டு அரசியலின் பாதி வரலாறு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற தகராறுதான். மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னால் "நிஜமாவா அத்தை?" என்பார். பாடப் புத்தகத்தில் போர்களின் தேதி இருந்தது, பந்தியின் தேதி இல்லை.

கிடாவும் பரோட்டாவும்

பண்பாடு என்றதும் கோயில் கொடை ஞாபகம் வரும். எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு உண்டு. 2003இல் ஜெயலலிதா அரசு ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் கொதித்துப் போயின. சாமிக்கு நேர்ந்த கிடாவை என்ன செய்வது? அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். சாமி கும்பிடும் முறையை மேலே இருந்து திருத்த நினைத்தால் ஓட்டுப்பெட்டி பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதற்காக எங்கள் வழக்கத்தில் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். திருமங்கலம் பக்கம் கரும்பாறை முத்தையா சாமிக்கு ஆண்கள் மட்டும் கூடிக் கறிவிருந்து வைப்பார்கள். சாப்பிட்ட இலையை எடுக்க மாட்டார்கள். அந்த இலை காயும் வரை பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆயிரக்கணக்கில் கூட்டம், பேப்பரில் படம், "பாரம்பரியம்" என்று தலைப்பு. அங்கே ஆண்களே சமைக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். சந்தோஷம், மறுநாள் வீட்டிலும் சமைக்கட்டும். பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவதும் எங்களுக்குப் பாரம்பரியம்தான். என் அம்மாவுக்குக் குழம்பில் கிடைத்தது பெரும்பாலும் சட்டியின் அடி.

அடுத்து பரோட்டா. விருதுநகர்க்காரி பரோட்டாவைப் பற்றிப் பேசாமல் இருந்தால் ஊர் மன்னிக்காது. எங்கள் எண்ணெய்ப் பரோட்டாவை டாக்டர் திட்டுவார், சரி. வரிக்காரர்களும் அதை விட்டுவைக்கவில்லை. 2020இல் கர்நாடகத்தில் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம், ரொட்டியும் சப்பாத்தியும் 5 சதவீதம், பாக்கெட்டில் விற்கும் பரோட்டா அந்த வகையில் சேராது, அதற்கு 18 சதவீதம் என்றது. அதே கோதுமை, அதே கல். சப்பாத்தி சைவ உணவகத்து மாப்பிள்ளை, பரோட்டா தெருவில் திரியும் பையன் என்ற நினைப்பு அந்தக் கணக்கில் இருந்ததாகவே எனக்குப் பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ரொட்டி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்று ஆக்கினார்கள். நல்ல காரியம்.

இலவசம் என்பவர்களுக்கு

2022இல் பிரதமர் மோடி, ஓட்டுக்காக மிட்டாய் பங்கிடுவது போன்றது இந்த இலவசக் கலாசாரம் என்று சாடினார். அதற்கு முன்பே, இங்கே இலவசமாகக் கொடுத்த டி.வி., மிக்ஸி, கிரைண்டர் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குக் கொடுப்பது சட்டப்படி ஊழல் ஆகாது என்று 2013இல் தீர்ப்பும் வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லா இலவசமும் ஒன்று என்று நானும் சொல்லவில்லை. டி.வி. கொடுத்தபோது எங்கள் ஊரில் சீரியல்தான் வளர்ந்தது. ஆனால் கிரைண்டர் வந்த வீட்டில் ஆட்டுக்கல் ஓய்ந்தது. என்னிடம் தட்டு நீட்டிய பிள்ளை ஒருத்தி இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்த்தவள் அவள்தான். அந்தக் கணக்கை எந்த பட்ஜெட்டில் எழுதுவார்கள்?

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. பிள்ளைக்குச் சோறு போடும் பெண்ணின் சம்பளத்தை எல்லா ஆட்சியும் தள்ளிப்போட்டே வந்திருக்கிறது. முழுக் காலமுறை ஊதியம் கேட்டுச் சத்துணவு ஊழியர்கள் வருஷக்கணக்கில் மறியல் செய்கிறார்கள். காலை உணவைச் சமைக்க மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வந்தார்கள். அவர்களும் விடியும் முன்னே எழுந்து ஓடுகிறார்கள். அன்னதானத்துக்குக் கல்வெட்டு வைக்கும் ஊர், அடுப்புக்கு முன்னால் நிற்பவளுக்குச் சேவை மனப்பான்மையைப் பற்றி வகுப்பெடுக்கிறது.

அதனால் ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சிக் கொடி பிடித்து வந்தாலும், நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? அதைச் சமைத்தவர் பெயர் என்ன? அவர் சம்பளம் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவருக்கு முதலில் காபி. ஓட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.