உயரம் கூட்டிய ஜீப்புக்கு ஸ்டியரிங் மாற்றும் முன்

மலையடிவாரத்திலும் மலைமேலும் கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர்கள் பலரிடம் இன்றும் ஒரு ஜீப்பாவது இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறை, சூரியநெல்லி பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் போய்ச் சேர வேண்டுமானால், தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. கல்லில் அடி தட்டுகிறது என்பதற்காக இந்த வண்டிகளை மூன்று நான்கு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போடுவது இப்போது பரவி வருகிறது. உயர்த்திய சில நாளிலேயே, "ஸ்டியரிங் முன்போல் இல்லை, பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாமா, எந்த செட் நல்லது?" என்று கேட்கிறார்கள். அடியேன் மெக்கானிக் அல்லன், மொத்த வியாபாரி. தோட்டத்துக் கடைகளுக்கு 35 ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பி வருவதாலும், பட்டறைகளில் காத்துக் கிடந்ததாலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஸ்டியரிங் ஏன் கெடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எம்.எம். 540, மேஜர், ஜிப்சி போன்ற வண்டிகளில் முன் ஆக்சில் ஒரே தண்டு. அதனுடன் ஸ்பிரிங் பட்டை. ஸ்டியரிங் பெட்டியோ வண்டிச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து தொங்கும் பிட்மன் ஆர்மையும் சக்கரத்தையும் இணைப்பது டிராக் லிங்க் என்னும் கம்பி. பழைய வில்லிஸ் வழி வந்த சி.ஜே. 3பி வண்டிகளில் நடுவில் பெல் கிராங்க் ஒன்றும் இருக்கும், தத்துவம் ஒன்றுதான். கம்பெனியிலிருந்து வரும்போது இந்தக் கம்பி ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். வண்டியை உயர்த்தினால் பெட்டி சட்டத்தோடு மேலே போய்விடுகிறது, ஆக்சில் கீழேயே நிற்கிறது. படுத்திருந்த கம்பி சாய்ந்துவிடுகிறது. அத்தனை தொல்லையும் இந்தச் சாய்வில்தான் ஆரம்பம்.

நமக்குக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். கம்பியின் நீளம் மூன்று அடி, அதாவது 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அது படுக்கையாக இருக்கையில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி ஆக்சில் 2 அங்குலம் எழும்பினால், கம்பியின் முனை பக்கவாட்டில் நகர்வது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதைக் கை உணராது. அதே கம்பி 4 அங்குலம் சாய்ந்திருந்தால், 2 அங்குலம் எழும்பும்போது 4 மில்லிமீட்டர் நகரும். பள்ளத்தில் 2 அங்குலம் இறங்கும்போது 7 மில்லிமீட்டர் நகரும். சக்கரத்தைத் திருப்பும் ஆர்ம் 6 அங்குல நீளம் என்றால், 7 மில்லிமீட்டருக்குச் சக்கரம் இரண்டரை டிகிரிக்கு மேல் தானாகத் திரும்பிவிடும். டிரைவர் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை, வண்டி மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம் என்ற பாதையில், பின்னால் தோட்டத்து ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு பவர் ஸ்டியரிங் மாட்டினால் என்ன ஆகும்? கைக்கு இலேசாக இருக்கும். வண்டி இழுப்பது நிற்காது. முன்பு கையில் தட்டிச் சொன்ன எச்சரிக்கையும் குறைந்துபோகும். டேம்பர் மாட்டுவதும் அப்படித்தான். ஆட்டத்தை அது மறைக்கும், காரணத்தைத் தொடாது. ஆகவே முதலில் கோணம், பிறகு கம்பிகளின் பலம், கடைசியில்தான் பவர் என்ற வரிசையில் பணத்தைச் செலவிட வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் விலை கூடிய சரக்கு பவர் ஸ்டியரிங்தான்.

பட்டறைக்குப் போகுமுன் ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணத்தை நாமே கொடுத்தவர்கள் ஆவோம். எதைச் செய்வதானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். அனுமதி இல்லை என்றால், உயரத்தைப் பழைய அளவுக்கு இறக்கிவிடுவதே மலிவான, முழுமையான ஸ்டியரிங் வைத்தியம். தோட்டத்துப் பாதைகளில் பல இடங்களுக்குப் பழைய உயரமும் நல்ல டயரும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். உயர்வு இரண்டு, இரண்டரை அங்குலத்துக்குள் என்றால், கீழே இறங்கிய அமைப்புள்ள பிட்மன் ஆர்ம் போதும். கம்பியின் மேல் முனையை அது கீழே கொண்டுவருவதால் சாய்வு குறையும். வாங்கும்போது இரு துளைகளுக்கும் இடையே உள்ள நீளம் பழைய ஆர்மின் அளவிலேயே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நீளம் கூடினால் ஸ்டியரிங் கனக்கும். ஆர்ம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அந்த அளவுக்குப் பெட்டியின் தண்டை வளைக்கும் பாரமும் ஏறும் என்பதால், அதிகம் இறங்கியதை வாங்காமல் தேவையான அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும்.

நான்கு அங்குலமும் அதற்கு மேலும் என்றால், கம்பியின் கீழ் முனையை மேலே தூக்குவதுதான் முறை. சக்கரத்தின் நக்கிள் மேல் தனி ஆர்ம் வைத்து, கம்பிகளை ஸ்பிரிங் பட்டைக்கு மேலாகக் கொண்டுபோகும் செட் இது. சாய்வு தீர்வதோடு, கம்பி கல்லில் அடிபடுவதும் குறைகிறது. செலவு கூடுதல். அந்த ஆர்மைப் பிடித்து நிற்கும் ஸ்டட்கள்தான் உயிர்நாடி. அவற்றில் மட்டமான சரக்குக்கு இடம் கொடுக்கக் கூடாது. பட்டை முழுதாக அமுங்கும்போது கம்பி சட்டத்தில் இடிக்கிறதா என்பதையும் மாட்டும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

சில பட்டறைகளில் இரண்டையும் விட்டுவிட்டு, இருக்கும் டிராக் லிங்க்கைச் சூடாக்கி இசட் போல வளைத்துக் கொடுக்கிறார்கள். நடுப்பகுதி படுக்கையாகத் தெரிவதால் வேலை முடிந்தது போல் தோன்றும். ஆனால் கணக்கு ஓடுவது இரு முனைகளின் பால் ஜாயிண்டுகளுக்கு இடையே உள்ள நேர்கோட்டில்தான். அந்தக் கோடு பழைய சாய்விலேயே இருக்கிறது. வளைவினால் பட்டையில் இடிக்காமல் இருக்கும், அவ்வளவுதான். சூடு பட்ட இடம் பலவீனப்பட்டதுதான் மிச்சம். ஸ்டியரிங் கம்பியில் வெல்டிங் வைத்த வண்டியில் நான் என் சரக்கை ஏற்றுவதில்லை, டிரைவரையும் ஏற விடுவதில்லை.

2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியில் தண்டு ஆக்சில் இருந்தாலும் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு தனிக் கம்பி உண்டு. அந்தக் கம்பியும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்பைவிட மோசமாகும். 2020-க்குப் பிந்தைய தார் போல முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டிகளுக்கு மேலே சொன்ன ஆர்ம் எதுவும் பொருந்தாது. அவற்றை அதிகம் உயர்த்தாமல் இருப்பதே நல்லது.

கம்பி வாங்குவதில் தடிமன் மட்டும் பார்த்தால் போதாது. முனையில் உள்ள கூம்புத் தண்டு துளையில் எல்லாப் பக்கமும் ஒட்டி உட்கார வேண்டும். துளைக்குள் நீல மை தடவித் தண்டைப் பொருத்தி எடுத்தால், மை சுற்றிலும் ஒரே சீராக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் அந்தத் தண்டு நாளடைவில் ஆடி ஒடியும்.

உயர்த்தியபின் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாவிட்டால் கேஸ்டர் கோணம் குறைந்துவிட்டது என்று பொருள். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்வார்கள். ஃபோர் வீல் வண்டியில் அளவு மீறினால் முன் புரொப்பல்லர் ஷாப்டின் கோணம் கெடும். இன்னொரு விஷயம், இதைப் பட்டறைக்காரர்கள் கேட்கமாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்: அளவு எடுக்கும்போது வண்டி காலியாக இருக்கக் கூடாது. 50 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்புகிறது. கோணங்கள் எல்லாமே மாறிவிடும். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவைத்து ஒரு முறை, காலியாக ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் முடிந்தும் பெரிய டயரால் கை வலித்தால் அப்போது பவர் ஸ்டியரிங் வாங்குங்கள். பெட்டி உட்காரும் இடத்தில் சட்டத்துக்குத் தகடு வைத்துப் பலப்படுத்திய பிறகே மாட்ட வேண்டும்; இல்லையேல் சட்டம் விரிசல் விடும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இஞ்சினை நிறுத்தி வண்டியை விடும் பழைய வழக்கம் உள்ள டிரைவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பம்பு இஞ்சினில் ஓடுகிறது. இஞ்சின் நின்றால் பவர் போய், வளைவின் நடுவில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் நீளம் போதுமா என்று பாருங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்க, நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். கம்பி நகருமுன் மூட்டு ஆடினால் அங்கே தேய்மானம் உண்டு. எல்லா நட்டிலும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், அடுத்த லோடு ஏற்றுவதற்குள், அதே பட்டறைக்குக் கொண்டுபோய் யூ போல்ட்டுகளையும் ஸ்டட்களையும் மறுபடி முடுக்கி, டோ அளவையும் சரிபார்த்துத் தரும்படி கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.